பளிங்குப் பிடியில் மஞ்சள் கறை

கல்லுக்குத் தாகம் எடுக்கும் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "உனக்குக் கோவம் வர்ற மாதிரியா?" என்பார். சிரிக்கட்டும். இழைத்து முடித்து, இன்னும் மெழுகு பூசாமல் வைத்திருக்கிற வெள்ளைக் கல்லின் மேல் ஒரு சொட்டு டீயை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் கல் அதைக் குடித்துவிடும். அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் கக்காது.

தொண்ணூறுகளில் நாங்கள் மைசூரில் கத்திகளுக்குக் கல்லில் பிடி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மடக்குக் கத்தி அல்ல; அலகும் வாலும் ஒரே இரும்பாக நீண்டு நிற்கிற கத்தி. வால் என்றால் பிடிக்குள் மறைந்துபோகிற பாகம். அவர் பகலில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுவார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய ரம்பத் தகட்டை அறுத்துத் தேய்த்துக் கத்தி செய்வார். நான் கல்யாணத்துக்கு முன்னால் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஒரு பட்டறையில் மோதிரக்கல் பட்டை தீட்டியவள். இரும்பு அவருக்கு, கல் எனக்கு. சண்டை இரண்டு பேருக்கும் பொது.

முதல் கல் பிடியே ஒரு சண்டையில்தான் பிறந்தது. அவர் எனக்குச் செய்து கொடுத்த காய்கறிக் கத்தியின் மரப்பிடி தண்ணீரில் ஊறி ஊறிப் பிளந்துவிட்டது. "கல்லுல போடுங்க" என்றேன். "உலகத்துல எவனாச்சும் கத்திக்குக் கல்லுல பிடி போடுவானா?" என்றார். "நீங்க போடுங்க, ஒருத்தன் ஆயிருச்சில்ல" என்றேன். பட்டறையில் கழித்துப் போட்ட பச்சைக்கல் ஒன்றை அறுத்துப் போட்டோம். கையில் எடுத்தால் சில்லென்று, பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்டாள். அப்புறம், தசரா பார்க்க வருகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடைக்காரர் கேட்டார். ஊரெல்லாம் எங்கள் புகழ் பரவியது என்று சொன்னால் அது பொய். நாலு பேருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வேலையில் மந்திரம் ஒன்றுமில்லை, பொறுமைதான். கல்லைத் தேங்காய்ப் பத்தை போல இரண்டு பத்தைகளாக அறுத்து, வாலின் இரண்டு பக்கமும் வைத்து ஒட்ட வேண்டும். ஆணிக்கு ஓட்டை போடும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; அவசரப்பட்டு அழுத்தினால் மறுபக்கம் சில்லாகத் தெறிக்கும். ஓட்டை ஆணியைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருக்க வேண்டும். இரும்பு வெயிலில் விரிகிற அளவுக்குக் கல் விரியாது. இடம் விடாமல் இறுக்கினால் ஒருநாள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கதை முடிந்தது. இரண்டு ட்யூபில் வருகிற பசையைக் கலந்து தடவி, பித்தளை ஆணியைப் பசையோடு செருகி அப்படியே விட்டுவிட வேண்டும். சுத்தியல் கூடவே கூடாது. என் வீட்டுக்காரர் மரப்பிடிக்கு ஆணித் தலையைத் தட்டித் தட்டியே பழகியவர். அவர் கை சுத்தியல் பக்கம் போனாலே, "வெச்சுருங்க கீழ!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன்.

கடைசி வேலை மெழுகு பூசுவது. தண்ணீர் விட்டு இழைத்த கல் ஒரு முழு நாள் காய வேண்டும். ஈரத்தோடு பூசினால் உள்ளே புகை அடைந்த மாதிரி மங்கிவிடும். அந்த ஒரு நாள்தான் கல்லுக்குத் தாகம் எடுக்கிற நாள். அன்றைக்குக் கொட்டகைக்குள் டீ கிளாஸ் வரக்கூடாது, எண்ணெய்த் தலையோடு எட்டிப் பார்க்கக் கூடாது. ஒருமுறை அவர் திருநீறு பூசிய கையோடு ஒரு பிடியைத் தொட்டுவிட்டார் என்று நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம், தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, குடகுக்காரர் ஒருவர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காபித் தோட்டம் வைத்திருந்தார். அறுபது வயதிலும் முதுகு வளையாத மனிதர். அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் சொல்கிறேன். ஒரு பையிலிருந்து பிடி இல்லாத பழைய வெட்டுக்கத்தியை எடுத்தார். அகலமாக, முன்பக்கம் கனத்து வளைந்த கத்தி. அதன் மரப்பிடியைச் செல் அரித்திருந்தது. அப்புறம் ஒரு துவாலையைப் பிரித்தார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பளிங்குத் துண்டு, ஒரு பக்கம் உடைந்த ஓரத்தோடு.

"இந்தக் கல்லுலதான் பிடி வேணும்மா. வேற துண்டு கிடையாது" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், இது வெட்டற கத்தி. வெட்டும்போது அதிருமே, கல்லு தாங்குமா?"

"மூணு வெட்டுத் தாங்கினாப் போதும்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்தார். கதை அப்புறம்தான் வந்தது.

கத்தி அவருடைய அப்பாவுடையது. பளிங்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையுடையது. வட்ட மேசை, தாத்தா காலத்தில் வாங்கியது. பாகம் பிரித்த அன்று நிலம், தோட்டம், பாத்திரம், மாடு எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தது. மேசைக்கு வந்தபோது அண்ணன் எனக்கு என்றார், தம்பியான இவர் எனக்கு என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே வாசற்படி வரை வந்திருக்கிறார்கள். படியில் விழுந்து மேசை துண்டு துண்டாகிவிட்டது. ஆளுக்குக் கையில் கிடைத்த துண்டோடு போனவர்கள்தான், ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வேலி.

"டிசம்பர்ல என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார். "எங்க கல்யாணத்துல மூணு வாழைத் தண்டை நட்டு வெச்சு, கத்தியால ஒண்ணொண்ணையும் ஒரே வீச்சுல வெட்டற வழக்கம் இருக்கு. அதை என் அண்ணன்தான் வெட்டணும்னு எனக்கு ஆசை. பத்திரிகை குடுத்தா வாங்க மாட்டார். அப்பா கத்தியில மேசைக் கல்லைப் போட்டு, விஜயதசமி அன்னிக்குப் போய் அவர் முன்னால வெக்கப் போறேன். அதுக்கும் பேசலைன்னா, என் பொண்ணு பெரியப்பா இல்லாமத்தான் மணையில உட்காரணும்."

சொல்லிவிட்டு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், "போட்டுடலாம் சார்" என்று சொல்லிவிட்டார். கல்லைப் பற்றி வாக்குக் கொடுக்க இவர் யார் என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஆனாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்தத் துண்டை நான் பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். விரிசல் இல்லை, ஒரு பொட்டுக் கறை இல்லை. ஒரு ஜோடிப் பத்தைக்குத்தான் வரும், தப்பு செய்ய இடமே இல்லை. நாலு ஓட்டை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. அதிர்ச்சி தாங்கட்டும் என்று இரும்புக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய தோல் வைத்தோம். அது என் வீட்டுக்காரருடைய யோசனை, நல்ல யோசனைதான். அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் இழைத்து முடித்தேன். உரித்த தேங்காய் போல வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு நாள் காய்ந்தால் விஜயதசமி காலையில் மெழுகு, எட்டு மணிக்குக் குடகுக்காரர் வந்து வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் போனால் ஊர்வலத்துக்காக ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள்.

ஆயுத பூஜை அன்று மைசூரில் சைக்கிள் கூட மாலை போட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் கொட்டகையில் விடிந்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு பலகையில் வரிசையாக வைத்தோம். சாணைச் சக்கரம், துளை போடுகிற மிஷின், அரம், சுத்தியல், உப்புத்தாள் கட்டு, பசை ட்யூப் வரைக்கும். கத்தி நடு நாயகமாக. என் வீட்டுக்காரர் பூசணிக்காயைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மஞ்சள் பொட்டு, அதன்மேல் குங்குமம். அடுத்தது. ஒரு மஞ்சள் பொட்டு, அதன்மேல் குங்குமம். அடுத்தது. வாயில் ஏதோ பாட்டு வேறு. அந்தக் கோடி வரைக்கும் வைத்து முடித்து, கையைக் கழுவி, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை தின்று, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் கத்தியைத் தனியாக எடுத்துக் காய வைக்கலாம் என்று போனேன். பிடியின் அடிப்பக்கம், பளிங்கின் மேல், மஞ்சள் குங்குமத்தோடு ஜம்மென்று ஒரு பொட்டு.

உலர்ந்த துணியால் துடைத்தேன். குங்குமம் வந்துவிட்டது, மஞ்சள் வரவில்லை. நாலணாக் காசு அகலத்துக்குக் கல்லுக்குள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் புத்தி எங்கே போனதோ, ஓடிப்போய்த் துணி சோப்பை எடுத்து நுரை வரத் தேய்த்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கிற மாதிரி, சோப்புப் பட்டாலும் மஞ்சள் சிவக்கும். இது எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். தேய்த்த பிறகு தெரிந்தது. மஞ்சள் பொட்டு ரத்தச் சிவப்பாக மாறி என்னைப் பார்த்தது.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் வாய் நிறையப் பொரியோடு ஓடி வந்தார். பார்த்தார். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"யாரு வெச்சது?"

"நாந்தான்."

வாயில் இருந்த பொரியை விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டார். "நான் திருநீத்துக் கையோட தொட்டதுக்கு ரெண்டு நாளு பேசாம இருந்தியே புள்ள. மஞ்சளுக்கு எத்தன நாளு?"

கையில் கத்தி இருந்தது, அதை நினைத்துத்தான் சும்மா இருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினவள் நான். கல்லைப் பற்றித் தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான், கல்லைக் கெடுத்தவளும் நான். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெரிய மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

பச்சைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினேன். சிவப்புப் போய் மறுபடி மஞ்சள் ஆனது. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடறேன்" என்றேன்.

"பூஜையில வெச்ச ஆயுதத்தால நாளைக்குக் காலைல வரைக்கும் வேலை செய்யக் கூடாது."

"உப்புத்தாள் ஆயுதமாங்க? காகிதம்!"

"அதுக்கும் நீ பொட்டு வெச்சிருக்கயே" என்று கட்டைக் காட்டினார். வைத்திருந்தேன். அழகாக, நட்ட நடுவில்.

தேய்த்தாலும் பிரயோசனம் இல்லை என்பது எனக்கே தெரியும். கறை எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு கல்லை எடுத்தால் ஒரு பக்கம் பள்ளமாகிவிடும், ஆணித் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். பலகையில் எலுமிச்சம்பழம் இருந்தது, கை அதை எடுத்துவிட்டது. அவர் பாய்ந்து பிடுங்கினார். "புளிப்பு பட்டா மார்பிள் செத்துரும்னு நீதான சொன்னே?" நான்தான் சொன்னேன். பதறாத காரியம் சிதறாது என்று அம்மா சொல்வாள். நான் அன்றைக்குப் பதறிச் சிதறிக்கொண்டிருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். மஞ்சள் பட்ட சேலையை நாம் என்ன செய்வோம்? வெயிலில் போடுவோம். மஞ்சளுக்குத் துணியிடம் பயமில்லை, சோப்பிடம் பயமில்லை, வெயிலிடம்தான் பயம். மைதா மாவைத் தண்ணீரில் குழைத்துப் பிடியின் மேல் அப்பினேன். கல் குடித்ததை மாவு கொஞ்சமாவது உறிஞ்சட்டும் என்று. கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மாவு காய்ந்து உரியும்போது அதில் லேசாக மஞ்சள் இருந்தது. மறுபடி அப்பினேன். "அப்பளம் காயப் போட்டிருக்கியா?" என்று பக்கத்து மாடிக்காரி கேட்டாள். "ஆமா, கல்லு அப்பளம்" என்றேன்.

மூன்று தடவை அப்பி உரித்தேன். கறை வெளுத்துக்கொண்டே வந்தது. சந்தோஷத்தில் கீழே இருந்த அவரைக் கூப்பிட்டேன், அவர் ஏறி வந்தார், அவர் வந்த நேரம் சாமுண்டி மலைப் பக்கம் மேகம் ஏறி வெயில் போய்விட்டது. "நீங்க வந்தாலே இப்படித்தான்" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார். நாலு மணிக்குத் தூறலே ஆரம்பித்துவிட்டது. கத்தியை முந்தானையில் மூடிக்கொண்டு கீழே ஓடினேன்.

மிச்சம் இருந்தது சுண்டுவிரல் நகம் அளவு, வெளிர் மஞ்சளாக. உற்றுப் பார்த்தால் தெரியும், பார்க்காவிட்டால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் அவர் கருவிகளுக்கெல்லாம் இன்னொரு முறை சூடம் காட்டிவிட்டு, "ம், தொட்டுக்கோ" என்றார். ஒரு நாள் முழுக்கக் காய நேரமில்லை, ராத்திரியெல்லாம் விசிறிக்கு அடியில் வைத்திருந்த பிடியில் மெழுகைப் பூசித் துணியால் தேய்த்தேன். மெழுகு ஏறினால் கல்லின் நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். கறையும் கல்லோடு சேர்ந்து தூக்கலாகத் தெரிந்தது.

எட்டு மணிக்குக் குடகுக்காரர் வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும். அவரைப் பால் வாங்க அனுப்பிவிட்டேன். கறை உள்ள பக்கம் கீழே போகிற மாதிரி கத்தியைத் துவாலையில் வைத்து நீட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் இந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டாரோ என்று பயமாக இருந்தது. சொல்லப்போனால் திட்டுவாரோ என்றும் பயம்தான். அவர் கத்தியை எடுத்தார், பிடித்துப் பார்த்தார், திருப்பினார். திருப்பிய பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "சரிம்மா, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஊரே யானை பார்க்கப் போனது. நான் போகவில்லை. பத்து நாள் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தேன். யாரிடம் சொல்லி அழுவது? என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கே பயம் வந்து, வெளியிலிருந்து மசால் தோசை வாங்கிக்கொண்டு வந்தார். தோசையைத் தின்றேன், பேசவில்லை.

பதினோராம் நாள் அந்தக் குடகுக்காரர் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்.

"அண்ணன் பேசிட்டார்" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் நின்றபடியே சொன்னார். கத்தியைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்திருக்கிறார். அண்ணன் கத்தியைக் கையில் எடுத்திருக்கிறார். பிடியைத் தடவியிருக்கிறார். அந்த மஞ்சள் மேல் கட்டைவிரலை வைத்து அப்படியே நின்றிருக்கிறார். அப்புறம், "இது அந்தக் கறிச்சட்டிக் கறைதானே?" என்று கேட்டிருக்கிறார். சின்ன வயதில் அண்ணன் மேசையில் கறிச்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, தம்பிதான் கவிழ்த்தான் என்று அப்பாவிடம் சொல்லி, தம்பி பெல்ட்டால் அடி வாங்கியிருக்கிறார். கறை மேசையில் அப்படியே தங்கிவிட்டதாம். "அன்னிக்கு நான் சொன்னது பொய்தாண்டா. அதைச் சொல்லணும்னு அம்பது வருஷமா நினைக்கிறேன்" என்று சொல்லி அண்ணன் அழுதுவிட்டாராம்.

"ஏனம்மா" என்று என்னைப் பார்த்தார். "நான் குடுத்த கல்லுல கறை இல்லையே. இது என்ன?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், சோப்பு, மைதா, மேகம் வரைக்கும். கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், அவர் ஏன் சிரிக்கணும்? சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடகுக்காரர் சொன்னார்: "என் அண்ணன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதேம்மா. அவர் அதை நிஜம்னு நம்பித்தான் பேசினார்."

சொல்ல மாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் பண்ணினேன்.

கல்யாணத்துக்குப் பஸ் பிடித்துப் போனோம். வாழைத் தண்டுகளை நட்டு, பூச்சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் தம்பியைவிட ஒரு பிடி உயரம், வெள்ளை மீசை. அவர் கத்தியை ஓங்கினபோது எல்லோரும் வாழையைப் பார்த்தார்கள், நான் பிடியைப் பார்த்தேன். ஒரு வெட்டு. இரண்டு. மூன்று. நான் 'டிக்' என்ற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. "தோலு வெச்சது யாரு?" என்று என் வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். பொண்ணு பெரியப்பா காலில் விழுந்தது, அவர் அதைத் தூக்கி நிறுத்தி நெற்றியில் முத்தம் கொடுத்தார். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்த அண்ணன் தனியாக எங்கள் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு கத்தி, ஒரு துணி மூட்டை. "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. இது என் பங்குத் துண்டு" என்றார். மூட்டையைப் பிரித்துப் பளிங்கை எடுத்தேன். பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளங்கை அகலத்துக்குக் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு பழைய கறை. நடுவில் கருத்து, ஓரத்தில் வெளுத்து.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"ஆமா, இதுதான் அந்தக் கறிச்சட்டி" என்றார். "ஆறு வருஷமா என் அலமாரியிலதான் இருக்கு."

"அப்போ தம்பி கத்தியில இருந்தது..."

"மஞ்சள். எங்க வீட்டுல ஆயுத பூஜை பண்ண மாட்டோமா? பார்த்ததும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏனுங்க சார் அப்படிச் சொன்னீங்க?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "தம்பி அப்பா கத்தியைக் கொண்டு வந்து முன்னால வெச்சுட்டுக் குழந்தை மாதிரி நிக்கறான். எனக்குப் பேசணும். எதைச் சொல்லி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நல்ல வேளை, அந்த மஞ்சள் இருந்துது." பளிங்கை என் பக்கம் தள்ளி, "நீ ஒண்ணு பண்ணு. இந்தக் கறையைச் சுத்தமா அரைச்சு எடுத்துடு. தம்பி இதைப் பார்த்தா நான் சும்மா சொன்னேன்னு கண்டுபிடிச்சிடுவான். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்றார்.

அன்றைக்கே சாணைச் சக்கரத்தை ஓட்டினேன். நல்ல கனமான துண்டு, அரைக்க இடம் இருந்தது. ஐம்பது வருஷக் கறை தண்ணீரோடு கலந்து பால் மாதிரி வழிந்து சாக்கடைக்குப் போனது. என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "நல்ல கறைய எடுத்துட்டு, பொய்க் கறைய விட்டு வெக்கறயா?" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்றேன். இந்த முறை ஆயுத பூஜைக்கு ஒன்பது மாதம் இருந்தது, ஆனாலும் மஞ்சள் டப்பாவைக் கொட்டகையிலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டுத்தான் பிடியை ஒட்டினேன்.

அடுத்த தசராவுக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஒரே ஜீப்பில் வந்தார்கள், கத்திகளுக்குப் புதிதாக மெழுகு போட. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று மாசு மருவில்லாத வெள்ளை, இன்னொன்றில் நகம் அளவு மஞ்சள். நான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அண்ணனுக்குப் பின்னால் நின்ற தம்பி, சொல்லாதே என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பின நேரம் பார்த்து அண்ணனும் அதே மாதிரி ஆட்டினார். பூட்டில்லாத என் வாயை நான் அன்றைக்கு இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டு பிடிகளையும் துடைத்து மெழுகு போட்டேன், அந்த மஞ்சள் போய்விடாமல் அதன் மேல் மட்டும் இரண்டு பூச்சு.